பக்கத்து நாடுகளோடு ஒரே சந்தை, ஒரே காசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கொழும்புக்கும் சிட்டகாங்குக்கும் மாலேவுக்கும் போகிற சரக்குக்குப் பேப்பர் போடுவது, அங்கிருந்து வருகிற சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது, இதுதான் 19 வருஷமாகத் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லித் தருகிறேன். “சார், ஐரோப்பா மாதிரி நாமும் இலங்கை, வங்கதேசத்தோடு சேர்ந்து ஒரே காசு வைத்துக்கொண்டால் என்ன?” என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிறார்கள். சரக்கு அனுப்புகிற வியாபாரிகளும் அதையே வேறு மாதிரி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

‘பொருளாதார ஒருங்கிணைப்பு’ என்று புத்தகத்தில் இருக்கிறதே, நடைமுறையில் அது என்ன?

வாளையார் செக்போஸ்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2017க்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகிற லாரி அங்கே மணிக்கணக்கில் நிற்கும், சில நாள் ராத்திரி முழுக்க நிற்கும். ஒரே நாடு, ஒரே ரூபாய், ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வரி. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன, வரிக்காக லாரி நிற்கிற வேலை போனது. நம் நாட்டுக்குள்ளேயே ஒரே காசு முதலில் வந்து, ஒரே சந்தை சுதந்திரத்துக்குப் பிறகு 70 வருஷம் கழித்துத்தான் வந்தது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாடுகளுக்கு இடையில் இது வேறு வரிசையில் நடக்கும். முதலில் சில பொருளுக்கு மட்டும் வரியைக் குறைப்பார்கள். அப்புறம் பெரும்பாலான பொருளுக்கு வரியே இல்லை என்பார்கள், அதுதான் தடையற்ற வணிக ஒப்பந்தம். அதற்கு மேல் போனால் வெளி உலகத்திலிருந்து வருகிற சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி போடுவார்கள், அது சுங்க ஒன்றியம். பிறகு ஆட்களும் முதலீடும் தடையில்லாமல் போய்வரலாம் என்பார்கள், அது பொதுச் சந்தை. ஒரே நாணயம் இதற்கெல்லாம் மேலே இருக்கிறது. பேலா பலாஸா என்ற பொருளாதார அறிஞர் 1961இல் இந்தப் படிகளை வகைப்படுத்தி எழுதினார், தேர்வில் கேட்பார்கள். தெற்காசியா இரண்டாவது படியில் ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறது.

இலங்கையோடுதான் தடையற்ற வணிகம் இருக்கிறதே, பிறகு எதற்கு இத்தனை பேப்பர்?

இது என் மேஜைக்குத் தினமும் வருகிற கேள்வி. இந்தியா–இலங்கை ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வரி கிடையாது அல்லது குறைவு, சரி. ஆனால் மலேசியாவிலிருந்து வருகிற சரக்குக்கு இந்தியா ஒரு வரி போடும், இலங்கை வேறொரு வரி போடும். இந்த இடைவெளியில்தான் எல்லாச் சிக்கலும் பிறக்கிறது. 2000க்குப் பிந்தைய வருஷங்களில் இலங்கையிலிருந்து வனஸ்பதியும் செம்பும் திடீரென்று ஏராளமாக இந்தியாவுக்கு வந்தன. இலங்கையில் செம்புச் சுரங்கமும் இல்லை, வனஸ்பதி செய்ய அவ்வளவு பாமாயிலும் இல்லை. கச்சாப் பொருளை வெளியிலிருந்து குறைந்த வரியில் இறக்கி, லேசாக வேலை செய்து, இலங்கைப் பொருள் என்று இங்கே அனுப்பினார்கள். நம்மூர் மில்காரர்கள் சத்தம் போட்டார்கள், அப்புறம் வனஸ்பதிக்கு அளவு கட்டுப்பாடு வந்தது.

அதனால்தான் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின், அதாவது பொருள் எந்த நாட்டில் செய்தது என்ற சான்றிதழ், கேட்கிறார்கள். பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் இலங்கையிலேயே சேர்ந்திருக்க வேண்டும் (இந்தியாவிலிருந்து போன மூலப்பொருள் 10 சதவீதம் இருந்தால் அங்கே 25 போதும்). மிளகுக்கு வருஷத்துக்கு 2,500 டன் என்று தனி வரம்பு. இரண்டு நாடும் வெளி உலகத்துக்கு ஒரே வரி வைத்திருந்தால், அதாவது சுங்க ஒன்றியமாக இருந்தால், ‘இது எங்கே செய்தது’ என்ற கேள்விக்கே பெரிய அவசியம் இருக்காது. சான்றிதழில் ஒரு எழுத்து மாறியிருந்ததற்காக ஒரு பார்ட்டியின் கிராம்பு கண்டெய்னர் 11 நாள் நின்றது, வாடகையே லாபத்தைத் தின்றுவிட்டது. இந்தப் படிகள் வெறும் பாடம் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கு அந்தக் கண்டெய்னர்தான் ஞாபகம் வரும்.

ஐரோப்பாவால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை?

ஐரோப்பா காசில் ஆரம்பிக்கவில்லை என்பதுதான் முதல் பதில். 1951இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆறும் நிலக்கரியையும் எஃகையும் பொதுவான மேற்பார்வையில் வைக்க ஒப்பந்தம் போட்டன. போர் முடிந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. துப்பாக்கி செய்ய வேண்டிய பொருளை இரண்டு எதிரிகளும் சேர்ந்து நிர்வகிப்பது என்று முடிவெடுத்தார்கள், அந்தத் துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன். 1957இல் ரோம் ஒப்பந்தம், 1968இல் சுங்க ஒன்றியம், 1992இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், 1993இல் ஒற்றைச் சந்தை. 1999இல் யூரோ கணக்கில் மட்டும் வந்தது, 2002 ஜனவரியில்தான் நோட்டாகக் கைக்கு வந்தது. நிலக்கரியிலிருந்து நோட்டுக்கு 51 வருஷம்.

இரண்டாவது பதில் வியாபாரத்தின் அளவு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வணிகத்தில் சுமார் 60 சதவீதம் அவர்களுக்குள்ளேயே நடக்கிறது. தெற்காசியாவில் அது சுமார் 5 சதவீதம். பக்கத்து வீட்டோடு கொடுக்கல் வாங்கலே இல்லாதபோது பொதுவான காசு இருந்து யாருக்கு மிச்சம்?

மூன்றாவது, ஆள் அளவு. யூரோ நாடுகளில் பெரியது ஜெர்மனி, அதன் பங்குகூட மொத்தப் பொருளாதாரத்தில் மூன்றில் ஒன்றுக்குக் கீழே. தெற்காசியாவில் இந்தியா மட்டுமே நான்கில் மூன்று பங்கு. பொது நாணயம் வந்தால் வட்டி விகிதத்தை யார் தீர்மானிப்பார்கள் என்று கொழும்பிலோ டாக்காவிலோ இருக்கிறவர் பயப்படுவது நியாயமான பயம், அதை நாம் பெரியண்ணன் தோரணையில் தள்ளிவிடக் கூடாது.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் என்ன ஆனது?

1985இல் டாக்காவில் ஏழு நாடுகளோடு ஆரம்பித்தது, 2007இல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தமான சாஃப்டா 2004இல் கையெழுத்தாகி 2006இல் அமலுக்கு வந்தது. அந்தக் காலத்தில் நம்பிக்கை இருந்தது. வாஜ்பாய் 2003 டிசம்பரில் தெற்காசியாவுக்கு ஒரே நாணயம் என்ற எண்ணத்தை வெளிப்படையாகவே பேசினார். ஆனால் ஒவ்வொரு நாடும் ‘இதற்கெல்லாம் வரியைக் குறைக்க மாட்டோம்’ என்று நீளமான பட்டியல் வைத்துக்கொண்டது. அப்புறம் அரசியல். 2014 காட்மாண்டு மாநாடுதான் கடைசியாக நடந்தது. 2016 இஸ்லாமாபாத் மாநாடு காஷ்மீரில் உரி ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு நின்றுபோனது. வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் 1997இலிருந்து இருக்கிறது, அதன் வணிக ஒப்பந்தத்துக்கு 2004இல் அடித்தளம் போட்டும் வேலை முடியவில்லை.

ஒரே காசு வைத்த கிரீஸ் ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டது?

கிரீஸ் 2001இல் யூரோவில் சேர்ந்தது. சேர்ந்ததும் ஜெர்மனிக்குக் கிடைக்கிற மாதிரி குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது, வாங்கினார்கள். 2009 கடைசியில் புதிய அரசு வந்து, பட்ஜெட் பற்றாக்குறை முன்பு சொன்னதைவிட மிக அதிகம், நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் என்று அறிவித்தது. விதிப்படி 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடன் கொடுத்தவர்கள் மிரண்டார்கள்.

சொந்தக் காசு உள்ள நாடாக இருந்தால் மதிப்பு விழும். இறக்குமதி விலை ஏறும், ஏற்றுமதியும் சுற்றுலாவும் மலிவாகி மெல்ல எழும். கிரீஸுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. காசின் மதிப்பைக் குறைக்க முடியாததால் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் குறைத்தார்கள். 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ கடனுதவி, அதோடு கடுமையான நிபந்தனைகள். 2013இல் வேலையில்லாதோர் 27 சதவீதத்தைத் தாண்டினர். 2015 ஜூன் கடைசியில் வங்கிகள் மூடப்பட்டு, ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. வயதானவர்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்ற காட்சியை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு ‘பொது நாணயம்’ என்ற சொல் லேசாக ஒலிக்காது.

2022இல் இலங்கை இந்திய ரூபாயைப் பயன்படுத்தியிருந்தால் தப்பித்திருக்குமா?

நேர்மையாகச் சொன்னால், கஷ்டம் வேறு வடிவத்தில் வந்திருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய், மே மாதம் 360 வரை போனது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தினார்கள். செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தை நெருங்கியது. அந்த மாதங்களில் கொழும்பு முதலாளி ஒருவர் எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்து, “அண்ணை, பெட்டகத்துக்குள்ள காசு இருக்கு, வங்கியில டொலர் இல்ல, நான் என்ன செய்ய?” என்றார். அவருடைய காய்ந்த மிளகாய் துறைமுகத்தில் கிடந்தது. கையில் காசு இருக்கிற மனிதர் பொருளை எடுக்க முடியாமல் நின்றதை நான் காதால் கேட்டேன்.

இந்திய ரூபாய் அங்கே புழக்கத்தில் இருந்திருந்தால் அந்த மிளகாய் வெளியே வந்திருக்கும். ஆனால் வரி குறைந்து, சுற்றுலா நின்று, கடன் ஏறியிருந்த அரசுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? கிரீஸ் கதைதான். காசு விழுந்தால் அடி எல்லோர் மேலும் விலைவாசியாக விழுகிறது, காசு விழ முடியாவிட்டால் அடி வேலை போனவர் மேல் விழுகிறது. இரண்டிலும் ஏழைகள்தான் முன் வரிசையில் நிற்கிறார்கள்.

அப்படியானால் தமிழ்நாடும் பீகாரும் மட்டும் எப்படி ஒரே ரூபாயில் இருக்கின்றன?

நல்ல கேள்வி, இதைத்தான் நான் வகுப்பில் அதிக நேரம் பேசுவேன்.

ராபர்ட் மண்டெல் என்ற பொருளாதார அறிஞர் 1961இல் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்: எந்தப் பரப்புக்கு ஒரே காசு பொருந்தும்? அவர் அழுத்திச் சொன்னது, வேலை இல்லாத இடத்திலிருந்து வேலை இருக்கிற இடத்துக்கு ஆட்கள் போக முடிய வேண்டும் என்பது. சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் காலை வேளையில் நின்று பாருங்கள். பாட்னாவிலிருந்து வருகிற ரயிலில் இறங்குகிற பையன்கள் பையோடு ஒரகடத்துக்கும் அம்பத்தூருக்கும் ஓ.எம்.ஆர். கட்டட வேலைக்கும் போவதைப் பார்க்கலாம். விசா கேட்பதில்லை. பீகாரில் மழை பொய்த்தால் ரூபாயின் மதிப்பை அங்கே மட்டும் குறைக்க முடியாது, ஆனால் பையன் ரயில் ஏறலாம், மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பலாம்.

இன்னொன்று பொதுப் பணப்பை. மத்திய அரசு வசூலிக்கிற வரியில் மாநிலங்களுக்குப் போகிற பங்கை நிதிக்குழு பிரிக்கிறது. 15ஆவது நிதிக்குழு பிரித்ததில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், பீகாருக்கு 10.058 சதவீதம். நாம் கொடுப்பது அதிகம், நமக்குத் திரும்புவது குறைவு என்ற வருத்தம் இங்கே எவ்வளவு ஆழமானது என்று உங்களுக்கே தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பகிர்வு இல்லாமல் ஒரே ரூபாய் தாங்காது என்பதும் உண்மை. ஒரே நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிற நமக்குள்ளேயே இவ்வளவு சண்டை. ஜெர்மன்காரர் கிரேக்கருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டதும், நாளைக்கு ஈரோட்டுக்காரர் வங்கதேசத்து ரங்பூர்க்காரருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கப்போவதும் இதே கேள்விதான். இதற்குப் பதில் சொல்லாமல் நோட்டை மட்டும் அச்சடிக்கக் கூடாது, என் வாதம் முழுக்க இதில்தான் நிற்கிறது.

முன்பு வளைகுடாவிலும் நம் ரூபாய் ஓடியதாமே?

ஓடியது. குவைத், பஹ்ரைன், கத்தார், இன்று அமீரகமாக இருக்கிற பகுதிகள் எல்லாவற்றிலும் இந்திய ரூபாய்தான். தங்கக் கடத்தலுக்காக வெளியே போன ரூபாய், அந்நியச் செலாவணி கேட்டு ரிசர்வ் வங்கிக்கே திரும்பி வந்ததால், 1959இல் ரிசர்வ் வங்கி அங்கே மட்டும் செல்லுகிற தனி நோட்டுகளை வேறு நிறத்தில் அச்சிட்டது. 1961இல் குவைத் தனி தினார் போட்டது, பஹ்ரைனும் பிரிந்தது. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்பதை 7.50 ஆக்கியதும் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரும் விலகினார்கள். டெல்லியில் எடுத்த முடிவில் தோஹாவில் இருந்தவரின் சேமிப்பு குறைந்தது, அவரை யாரும் கேட்கவில்லை. அதுவரை இலங்கை ரூபாயும் நம் ரூபாயும்கூட ஒன்றுக்கு ஒன்றுதான்.

நேபாளம், பூட்டானில் நம் ரூபாய் இன்னும் செல்லுகிறதே?

செல்லுகிறது. 1993இலிருந்து 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், பூட்டானின் நூல்ட்ரம் ஒன்றுக்கு ஒன்று. அந்த விகிதத்தைக் காக்க நேபாள மத்திய வங்கி டாலரை விற்று இந்திய ரூபாய் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிலையான விலையால் அவர்களுக்கு நன்மை உண்டு, ஆனால் 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று இங்கே அறிவித்தபோது, அங்கே நம் நோட்டை நம்பி வைத்திருந்தவர்கள் மாற்ற வழியில்லாமல் நின்றார்கள். 1966இன் அதே பாடம் மறுபடியும்.

நன்றாக நடக்கிற உதாரணம் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது, நம் ஆட்கள் பலர் கையால் தொட்டும் இருப்பார்கள். சிங்கப்பூரும் புருணையும் 1967 ஜூன் 12இலிருந்து ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்கின்றன. சிங்கப்பூரின் தேக்கா கடைத்தெருவில் மீதிச் சில்லறையில் புருணை நோட்டு வந்தால் பயப்பட வேண்டாம், அதே மதிப்பு. மலேசியாவும் அதில் இருந்து 1973இல் விலகியது. நிலைத்த இரண்டும் சிறிய நாடுகள், கையிருப்பு நிறைய, ஒன்று மற்றொன்றின் தலையில் கடனை ஏற்றாது.

யு.பி.ஐ. இலங்கையிலும் வேலை செய்கிறது, அது ஒரே காசு மாதிரிதானே?

இல்லை. 2024 பிப்ரவரி 12இலிருந்து கொழும்புக் கடையில் க்யூ.ஆர். ஸ்கேன் செய்யலாம், ஆனால் பின்னால் நாணய மாற்றம் நடக்கத்தான் செய்கிறது. இரண்டு காசும் தனித்தனியாகவே இருக்கின்றன. சிங்கப்பூரின் பேநவ் என்ற பணம் அனுப்பும் முறையோடு 2023 பிப்ரவரியில் இணைத்ததும் இப்படியே. ஆனாலும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. யாரும் தன் மத்திய வங்கியை விட்டுக்கொடுக்கவில்லை, மனிதர்களுக்கு வேலை சுலபமாகிறது.

வியாபாரத்துக்கு டாலரே வேண்டாம் என்று செய்ய முடியாதா?

ஓரளவு முடியும். ஆசியத் தீர்வு ஒன்றியம் 1974இலிருந்து இருக்கிறது, தலைமையகம் டெஹ்ரான். உறுப்பு நாடுகள் வரவு செலவைக் கழித்து, மிச்சத்தை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தீர்க்கின்றன. 2022இல் இலங்கை கட்ட வேண்டியதைத் தள்ளிவைக்க அது உதவியது. சார்க் நாடுகளுக்கான கரன்சி ஸ்வாப் (தன் காசைக் கொடுத்து இன்னொரு காசைக் கொஞ்ச காலத்துக்கு வாங்கிக்கொள்வது) ஏற்பாட்டை 2012இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது, 2022 ஜனவரியில் அதிலிருந்து இலங்கைக்கு 40 கோடி டாலர் போனது. 2022 ஜூலையில் ரூபாயிலேயே பில் போடவும் தீர்க்கவும் அனுமதி வந்தது. ஒரு தடை மட்டும் உண்டு: நாம் அவர்களுக்கு விற்பது அதிகம், வாங்குவது குறைவு. அவர்கள் கைக்கு ரூபாய் எங்கிருந்து வரும்? இங்கிருந்து போகிற சுற்றுலாப் பயணிகளும், நாம் வாங்குகிற மிளகும் பட்டையும் கிராம்பும்தான் வழி.

உங்களைக் கேட்டால், முதலில் என்ன செய்ய வேண்டும்?

வெங்காயத்தில் ஆரம்பிக்கலாம். 2023 டிசம்பர் 8 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. உள்நாட்டு விலையைக் காக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது. ஆனால் கொழும்பிலும் டாக்காவிலும் சமையல் நம் வெங்காயத்தை நம்பி இருக்கிறது, அங்கே விலை ஏறி ஜனங்கள் திட்டினார்கள். 2019இலும் 2020இலும் இதே நடந்தது. ராத்திரி அறிவிப்பு வந்து காலையில் லாரி திரும்புகிற நிலை இருக்கும்வரை பக்கத்து நாடு நம்மை மட்டும் நம்பி இருக்கத் துணியாது. தட்டுப்பாட்டுக் காலத்திலும் அண்டை நாட்டுக்கு இவ்வளவு டன் நிச்சயம் என்று எழுத்தில் ஒரு வாக்கு கொடுத்தால், அது ஆயிரம் மாநாட்டை விடப் பெரிய ஒருங்கிணைப்பு. 2022 மே 18 அன்று தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசியும் பால் மாவும் மருந்தும் ஏற்றிய கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியதை நான் ஆபீஸ் மாடியிலிருந்து பார்த்தேன். நெருக்கடியில் அப்படிக் கொடுக்கத் தெரிந்த நமக்கு, சாதாரண நாளில் வாக்கைக் காப்பது முடியாத காரியம் இல்லை.

பொது நாணயம் எங்கள் காலத்தில் வருமா?

வராது என்றுதான் நினைக்கிறேன், வர வேண்டும் என்று அவசரப்படவும் இல்லை. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், கொழும்பு என்று போன காலம் 1964 டிசம்பர் புயலோடு முடிந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. அந்த வழியில் சின்ன வியாபாரி ஒருவர் பத்து மூட்டை மிளகாயை ஏற்றி, ஒரே தாளில் பேப்பரை முடித்து, ரூபாயிலேயே பணம் வாங்கிக்கொண்டு மறுநாள் ஊர் திரும்ப முடிந்தால் போதும். அந்தத் தாளை நிரப்பிக் கொடுக்க நான் நாகப்பட்டினத்துக்கே மாற்றல் கேட்டுப் போய்விடுவேன்.